சலூன் பெஞ்சுக்கும் ஊர் வரலாற்றில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கோயிலை எழுதுகிறார்கள், சந்தையை எழுதுகிறார்கள், பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை, பேருந்து நிலையம் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். சலூனுக்கு ஒரு பத்தி ஒதுக்குவதில்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் செய்தித்தாள் படிக்கும் பழக்கமும் கூடி உட்கார்ந்து அரசியல் பேசும் பழக்கமும் பரவியதில் டீக்கடைக்கு உள்ள பங்கு சலூனுக்கும் உண்டு. டீக்கடையைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. சலூன் எப்படி ஊர் கூடும் இடமானது, அது ஏன் இப்போது கலைகிறது, எதையெல்லாம் காப்பாற்றலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

சலூன் என்ற கடையை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெயர் அப்படி வந்திருக்கலாம். ஆனால் கடை தேவைப்பட்டதற்குக் காரணம் தலைமுடிதான். குடுமி வைத்திருந்த காலத்தில் முன்தலையை மழித்துவிட்டுப் பின்முடியை அள்ளி முடிந்துகொண்டார்கள். அதற்குச் சவரக்கத்தி, தண்ணீர்க் கிண்ணம், தீட்டுக்கல், தோல்பட்டை இவ்வளவு போதும். எல்லாம் அக்குளில் இடுக்கும் அடைப்பம் என்ற கருவிப் பைக்குள் அடங்கிவிடும். வீட்டுத் திண்ணையிலோ, கொல்லையிலோ, ஆற்றங்கரை மரத்தடியிலோ இருவரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்தால் வேலை முடிந்தது. கூலி, அறுவடையின்போது களத்தில் அளக்கிற நெல்.

கிராப்பு வந்ததும் இந்த ஏற்பாடு செல்லாமல் போனது. கிராப்புக்குக் கத்தரியும் சீப்பும் வேண்டும். சீப்பால் முடியைத் தூக்கி, சீப்புக்கு மேலே நிற்பதை மட்டும் கத்தரித்து, பிடரியிலிருந்து உச்சி வரை நீளம் படிப்படியாகக் கூடும்படி கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் வெளிச்சம் குறைந்தால் அந்தப் பக்கம் படி விழுந்துவிடும். வெட்டுபவர் தலையைச் சுற்றி வர வேண்டும். அதற்குத் தலை அவருடைய மார்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஆகவே நாற்காலி வந்தது. வெட்டியது சரிதானா என்று வெட்டிக்கொண்டவர் பார்க்க வேண்டும், ஆகவே கண்ணாடி வந்தது. நாற்காலியையும் ஆளுயரக் கண்ணாடியையும் அடைப்பத்தில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போக முடியாது. தொழிலாளி வீடுகளுக்குப் போனது நின்று, ஊர் அவரிடம் வரத் தொடங்கியது. நெல் போய்க் காசு வந்தது. ஒருவர் குந்த, இன்னொருவர் எதிரே குந்தி வேலை செய்த நிலை மாறி, தொழிலாளி நிமிர்ந்து நின்று வேலை செய்தார். இந்த மாற்றத்தின் கனத்தை அந்தத் தொழிலுக்குள் இருந்த குடும்பங்கள் நன்றாக அறியும்.

கடை வந்துவிட்டால் கூட்டம் கூடிவிடும் என்பதில்லை. துணிக்கடையிலும் மளிகைக்கடையிலும் யாரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிடவில்லை. சலூனில் உட்கார வைத்தது காத்திருப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் கடையில் இரண்டு நாற்காலி. ஒரு கிராப்புக்கு 20 முதல் 25 நிமிடம். சவரமும் சேர்ந்தால் 35 நிமிடம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தால், நாற்காலிகள் நான்கு முறை காலியானால்தான் எட்டாவதாக இருப்பவர் ஏற முடியும். 25 நிமிடம் என்று வைத்தாலே ஒரு மணி நேரம் 40 நிமிடம். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. சனியன்றும் அமாவாசையன்றும் முடிவெட்டத் தயங்குகிறவர்கள் பலர். ஆகவே கூட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழும். எழுந்து போனால் முறை போய்விடும். வேறு வழியில்லாமல் ஊரின் எட்டுப் பேர் ஒரே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முடி மறுபடி வளரும் என்பதால் அடுத்த மாதமும் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பேச்சுக்கு வழிசெய்தது கண்ணாடி. இதைக் கவனித்து எழுதியவர்கள் குறைவு. நாற்காலியில் இருப்பவர் தலையைத் திருப்பக் கூடாது. பெஞ்சோ அவருக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. பெஞ்சில் இருப்பவர் கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்துக் கேட்பார், நாற்காலியில் இருப்பவரும் கண்ணாடியைப் பார்த்தே பதில் சொல்வார். கத்தரி பிடித்தவருக்கு இரண்டு பக்கமும் தெரியும், வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் யார் என்பதும் தெரியும். பின்சுவரிலும் ஒரு கண்ணாடியைச் சற்றே முன்சாய்த்து மாட்டியிருப்பார்கள். பிடரி வெட்டு சரியா என்று காட்டத்தான் அது. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் எல்லாருடைய முகமும் எல்லாருக்கும் தெரிவதற்கும் அதுவே உதவியது. பெஞ்சைப் பக்கச்சுவர் ஓரமாகத் திருப்பிப் போட்ட கடைகளில் பேச்சு கட்டவே கட்டாது. முகம் தெரியாவிட்டால் ஓரிரு வார்த்தையோடு நின்றுபோகும்.

பேச்சுக்கு ஓர் ஏற்ற இறக்கமும் இருந்தது. கத்தரி ஓடும்போது தொழிலாளியும் பேசுவார், பெஞ்சும் பேசும். கத்தியைத் தோல்பட்டையில் தீட்டத் தொடங்கினால் பெஞ்சு தானாக அடங்கும். முதுகுப்பக்கம் முன்னே போக, கூர் பின்னே இழுபட, பட்டையில் பதினைந்து இருபது முறை கத்தி போய் வரும். திருப்பும்போது கூர் மேல் சுழலாமல் முதுகு மேல் சுழல வேண்டும். தவறினால் பட்டை கிழிபடும், கூரும் மடங்கும். பிறகு கழுத்தில் கத்தி நிற்கிற அந்த ஐந்தாறு நிமிடத்துக்குச் சண்டையான விவாதம்கூட நின்றுபோகும். யாராவது சிரிக்க வைத்தால் கழுத்து அசையும், அசைந்தால் வெட்டுப்படும். எவ்வளவு சூடான அரசியலும் அங்கே கைகலப்பில் முடியாததற்கு இந்தக் கட்டாய இடைவேளையும் ஒரு காரணம் என்பேன்.

இனிச் செய்தித்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் கூடியபின் தாளைப் பிரித்துக்கொண்டார்கள். அகலத் தாளில் ஒரு விரிப்புக்கு நான்கு பக்கம். 12 பக்க நாளிதழைப் பிரித்தால் மூன்று விரிப்பு, ஒரே நேரத்தில் மூன்று பேர் படிக்கலாம். படித்து முடித்ததைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட வேண்டும். காசு கொடுத்து ஒரு தாள் வாங்க வசதியில்லாத பெஞ்சு முழுவதும் இப்படி ஒரே தாளைப் படித்து முடித்தது. 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, பெரிய தலைப்பும் சின்ன வாக்கியமுமாக எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி வந்தபோது, அதற்கான வாசகர்கள் சலூன் பெஞ்சிலும் டீக்கடைப் பெஞ்சிலும் ஏற்கெனவே காத்திருந்தார்கள்.

கட்சிப் பத்திரிகைகளின் கதையும் இதுதான். 1925-இல் தொடங்கிய குடி அரசு, 1935-இல் வந்த விடுதலை, 1942-இல் அண்ணா தொடங்கிய திராவிட நாடு இவையெல்லாம் அச்சடித்த படிகளைவிடப் பல மடங்கு பேரைப் போய்ச் சேர்ந்தது இப்படிக் கைமாறித்தான். எந்தக் கடையில் எந்தத் தாள் கிடக்கிறது, கண்ணாடிக்கு மேலே யார் படம் தொங்குகிறது என்பதை வைத்தே கடைக்காரரின் கட்சியைச் சொல்லிவிடலாம். 1967-க்கு முந்தைய ஆண்டுகளில் காங்கிரஸ்காரருக்கு ஒரு சலூன், கழகத்துக்காரருக்கு ஒரு சலூன் என்று கடைகள் பிரிந்திருந்த ஊர்கள் உண்டு. ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று எழுதித் தொங்கவிட்ட பலகைகளையும் வரலாற்றுச் சான்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் பேசாத இடத்தில் அப்படி ஒரு பலகைக்கு வேலையில்லை.

படித்து முடித்த தாளும் வீணாகவில்லை. கால் தாளாகக் கிழித்து, கத்தியில் ஏறும் நுரையைத் துடைக்க அடுக்கி வைத்திருப்பார்கள். வானொலிப் பெட்டி வைக்க அஞ்சலகத்தில் உரிமம் எடுக்க வேண்டியிருந்த நாட்களில், வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் இலங்கை வானொலியின் பாட்டைக் கேட்டதும் இங்கேதான்.

வார்த்தை புழங்குகிற வேலை முடிதிருத்தும் நாவிதர் சமூகத்துக்குப் புதிதும் அல்ல. கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துச் சொல்பவர் நாவிதர்தான். தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்கலா, பிராணோபகாரி என்ற பெயர்கள் ஒன்றாகவே நிற்கின்றன. பிராணோபகாரி என்றால் உயிருக்கு உதவுகிறவர். கட்டியைக் கீறிவிட்டு மருந்து வைத்தவர்கள் இவர்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் இந்த வீட்டுப் பெண்கள். ஊரில் யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் என்ன துக்கம் என்பது இவர்களுக்கு முதலில் தெரிந்தது. சலூன் வருவதற்கு முன்பே ஊர்ச் செய்தி இவர்கள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு இதன் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறாகாது. பெஞ்சில் ஊர் உட்கார்ந்தது என்று எழுதுகிறோம். ஊரில் பாதியான பெண்கள் அதில் இல்லை. பாவாடை கட்டிய சிறுமிகளுக்கு முடிவெட்ட அப்பா கூட்டிக்கொண்டு வருவதோடு சரி. அதைவிடக் கொடுமை, பல கிராமங்களில் தலித் மக்களுக்கு நாற்காலியே மறுக்கப்பட்டது. பக்கத்து டவுனுக்குப் போய், யார் எவர் என்று தெரியாத கடையில் வெட்டிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவதும் சரியல்ல. அவரும் சாதி அடுக்கில் ஒடுக்கப்பட்டவர்தான். கடை இருந்த இடம் ஆதிக்கச் சாதிக்காரருடையது, களத்தில் நெல் அளந்ததும் அவர்கள். “அவங்களுக்கு வெட்டினா நாங்க வரமாட்டோம்” என்று ஒரு வார்த்தை போதும், அந்தக் குடும்பத்தின் சோறு போய்விடும். காரணம் புரிகிறது என்பதால் மறுத்தது நியாயமாகிவிடாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் ‘கடை’ என்ற சொல்லின் பொருள் பற்றிக் கேள்வி எழுந்தபோது, நாடி வருகிறவர்களுக்குச் சேவை செய்ய முன்வரும் எந்த இடமும் கடைதான் என்று அம்பேத்கர் விளக்கினார். சாதி காரணமாக யாரையும் கடைக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-இல் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமை காரணமாகக் கடைக்குள் விடாமலிருப்பதற்கும் சேவை தர மறுப்பதற்கும் அதில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சலூனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நாற்காலியில் எல்லாரும் எந்த ஆண்டிலிருந்து உட்கார்ந்தார்கள் என்பது. கடை எப்போது திறந்தது என்பது அதற்குப் பிறகுதான்.

பழைய சலூனைப் புகழ்கிறவர்கள் மறந்துவிடுகிற மற்றொன்று சுத்தம். ஒரே கத்தி, ஒரே துண்டு, ஒரே படிகாரக் கட்டி. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதல்முறையாகக் கண்டறியப்பட்டு, பின்வந்த ஆண்டுகளில் விழிப்புணர்வு பரவியபோதுதான் ஆளுக்கொரு பிளேடு என்பது பழக்கமானது. இரட்டைமுனை பிளேடை உறையோடு நீளவாக்கில் ஒடித்துப் பாதியைப் பிடியில் மாட்டுகிறார்கள். ஒரு பிளேடு இரண்டு பேருக்கு ஆகும். கண்முன்னே ஒடித்து மாட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், நல்ல தொழிலாளி சொல்லாமலே அப்படித்தான் செய்வார். இன்றும் கவனிக்காமல் விடுவது படிகாரம். ஒருவர் கன்னத்தில் கீறலில் தேய்த்த கட்டியை அடுத்தவர் கன்னத்தில் தேய்க்கக் கூடாது. தண்ணீரில் கரைத்துப் பீச்சுபாட்டிலில் வைத்துக்கொண்டால் போதும். முடிவெட்டும் மிஷினின் பல்தகடுகளையும் ஆளுக்கு ஆள் தட்டித் துடைத்துக் கிருமிநாசினி போட வேண்டும். கை மிஷின் முடியைப் பிடுங்குகிறது என்று பிள்ளைகள் அழுவது மேல்தகட்டின் திருகு தளர்ந்ததால். இரண்டு தகட்டுக்கும் இடையில் முடி வெட்டுப்படாமல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் விட்டால் குளிரில் உறைந்து பிசுக்காகும், தூளும் ஒட்டும். மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

2020 ஊரடங்கின்போது கடைகள் மாதக்கணக்கில் மூடின. திறந்தபோது இடைவெளிக்காக பெஞ்சை வெளியே எடுத்தார்கள், கைமாறும் என்று நாளிதழை நிறுத்தினார்கள். அன்றைக்கு அது சரி. நோய் போனபின்னும் பல கடைகளில் பெஞ்சும் திரும்பவில்லை, தாளும் திரும்பவில்லை. போன் போட்டு முறை கேட்டுக்கொண்டு நேரத்துக்கு வருகிறார்கள், வெட்டியதும் எழுந்து போகிறார்கள். காத்திருப்பு குறைந்தது வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு போனது வெவ்வேறு தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த ஒன்றரை மணி நேரம். பெரிய சத்தத்தில் தொலைக்காட்சி வைத்த கடைகளில் பெஞ்சு இருந்தும் பயனில்லை. எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் போய்விடுகிறது.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கடையைப் புதுப்பிக்கும் உரிமையாளர்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்திலேயே ஐந்தடி நீளம், ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு பெஞ்சைக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் போடலாம். நாற்காலியின் முதுகுக்கும் பெஞ்சில் இருப்பவர் முழங்காலுக்கும் நடுவில் மூன்றடியாவது விட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுபவர் சுற்றி வர முடியாது, வெட்டிய முடியும் மடியில் விழும். நாளிதழுக்கு ஆகும் மாதச் செலவு ஏறத்தாழ இரண்டு கிராப்புக் கூலி. தாளைப் பெஞ்சில் போடாமல் சுவரில் கயிறு கட்டி விரிப்பு விரிப்பாகத் தொங்கவிட்டால் கசங்காது, ஈரம் படாது.

நகராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். பேருந்து நிலையத்தையும் சந்தையையும் இடித்துக் கட்டும்போது அங்கே பல ஆண்டுகளாக இருந்த சலூன்கள் ஏலத்தில் தொகை கட்ட முடியாமல் வெளியேறிவிடுகின்றன. புதிய வளாகத்தில் ஒரு கடையையாவது பழைய தொழிலாளிகளுக்குக் கட்டும்படியான வாடகையில் ஒதுக்கித் தர வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகங்கள், விருப்பமுள்ள சலூன்களுக்கு 25 புத்தகங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தரும்படி ஓர் ஏற்பாடு செய்யலாம். நடக்காத காரியம் அல்ல. தூத்துக்குடியில் தம் சலூனுக்குள் நூலகம் வைத்த தொழிலாளியைப் பற்றி 2020 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் பேசினார். கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஊர் ஊராக முடிதிருத்துவோர் சங்கங்களின் கூட்ட முடிவுகளைக் குறித்துவைக்கும் மினிட் புத்தகங்களில் கூலி உயர்வு, செவ்வாய்க்கிழமை விடுமுறை, சங்கத்துக்குள் நடந்த தகராறு எல்லாம் தேதியோடு எழுதப்பட்டிருக்கும். அவை பெரும்பாலும் யாரோ ஒரு முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. கரையான் ஏறுமுன் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்று விடாமல் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகக் கூடாது. எடுத்த படத்தின் படி ஒன்றைச் சங்கத்துக்கும் கொடுத்துவிட வேண்டும்.

விலைப்பட்டியல் பலகைகளையும் விட்டுவிட வேண்டாம். தகரத்தில் பெயிண்ட்டால் எழுதிய பழைய பலகைகளில் ஒவ்வொரு கூலி உயர்வுக்கும் அதே இடத்தில் மேலே மேலே எழுதியிருப்பார்கள். சுரண்டிப் பார்க்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அடியில் உள்ள எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். அப்படியே படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முடிதிருத்தும் தொழிலின் வரலாற்றில் அக்கறையுள்ள வாசகர்